நாய் விரட்டும் கருவி: பால் போடப் போகிற கையில் ஏழு மாதம்

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம் பக்கம் வீடுவீடாக ஆவின் பால் போடுகிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. விடியுமுன் மூன்றே முக்காலுக்கு வேன் வந்து டப்பை, அதாவது பாக்கெட் அடுக்கி வருகிற பிளாஸ்டிக் பெட்டியை, இறக்கிவிட்டுப் போகும். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட்டை எண்ணிப் பிரித்து, எக்ஸ்எல் வண்டியில் ஏற்றி நாலேகாலுக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் 140 வீடு முடித்தாக வேண்டும். அந்த நேரத்துக்குத் தெருவில் நடமாடுவது நானும் பேப்பர் போடுகிற தம்பியும்தான். மிச்சமெல்லாம் நாய். அதனால் இந்தக் கருவியை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

முன்னெல்லாம் இங்கே மண் தெரு. நாய் குரைத்துக்கொண்டு வந்தால் குனிந்தால் போதும், கல் எடுக்கிறாள் என்று அது திரும்பி ஓடிவிடும். இப்போது தெரு முழுக்க பேவர் பிளாக். கல்லும் இல்லை, குனிகிறதுக்குப் பயப்படுகிற நாயும் குறைந்துவிட்டது. போன வருஷம் வைகாசியில் நாலு நாய் சேர்ந்து துரத்தி, வண்டியோடு விழுந்து, முட்டியில் சிராய்ப்பு, இருபது பாக்கெட்டுக்கு மேல் உடைந்து தெருவோடு போனது. வீட்டுக்கு வந்து அழுதேன். என் மகள்தான் செல்போனில் தேடி, "எம்மா, இத வாங்கிப் பாரும்மா, நாய்க்கு மட்டும் கேக்குத சத்தம் போடுமாம்" என்று ஆர்டர் போட்டாள். விலை 1,149 ரூபாய். கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. இதே உடம்பை வேறு வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள், நீங்கள் எதை வாங்கினாலும் அநேகமாக இதுதான் வரும்.

பார்க்க டார்ச் லைட் மாதிரி, உள்ளங்கைக்கு அடங்குகிற அளவு. முன்பக்கம் சத்தம் வருகிற இரண்டு வட்டம், நடுவில் ஒரு விளக்கு. சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் விளக்கு மட்டும், நடுவில் சத்தம் மட்டும், மறுபக்கம் இரண்டும் சேர்ந்து. போன் சார்ஜர் வயரிலேயே சார்ஜ் ஏறும். மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. அட்டைப்பெட்டியில் 25 கிலோஹெர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்சு என்கிற அளவு), 15 மீட்டர் தூரம் வரை என்று போட்டிருந்தது. மனுஷக் காதுக்கு ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும் என்று மகள் விளக்கினாள். அது உண்மைதான். ஆனால் அங்கேயே எனக்கு ஒரு சந்தேகம். நமக்குக் கேட்காத சத்தம் வருகிறதா இல்லையா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது? பச்சை விளக்கு எரிகிறதை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

அதற்கு விடை சொன்னது பக்கத்து வீட்டுப் பூனை. மதில்மேல் படுத்திருந்ததைப் பார்த்து அமுக்கினேன். காதை மடக்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் குதித்துவிட்டது. பூனைக்கு நாயைவிடவும் மேலே கேட்குமாம். சரி, சத்தம் வருகிறது. அடுத்து கோவில்பட்டி பக்கம் அத்தான் வீட்டுக்குப் போனபோது அவர்கள் வளர்க்கிற கன்னி இன நாயிடம் அமுக்கிப் பார்த்தேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டது, ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது, அப்புறம் நேரே வந்து கருவியை முகர்ந்து பார்த்துவிட்டு என் காலடியில் படுத்துக்கொண்டது. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்கிறது என்பது ஒன்று, அதற்காக நாய் பயப்படும் என்பது வேறொன்று.

தெருவில் என்ன நடந்தது என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒண்டியாக வருகிற இளநாய்கள் ஐந்தாறு எட்டுத் தூரத்தில் நின்றுவிடும், சில திரும்பிப் போய்விடும். பெட்டியில் போட்டிருந்த 15 மீட்டரை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. இந்த மாதிரிச் சத்தம் டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும், வளைந்து போகாது. நடுவில் ஒரு காரோ வேப்பமரமோ இருந்தால் அத்தோடு சரி. சரியாக முகத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். நாய் பின்னால் வந்தால் வண்டி ஓட்டுகிற கை எப்படித் திரும்பும்?

புரட்டாசி பிறக்கிறதுக்குள் அதே இளநாய்கள் பழகிவிட்டன. தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே சத்தம், அந்தச் சத்தத்தால் வலியும் இல்லை. பழகாமல் என்ன செய்யும்? கூட்டமாக வருகிறவை முதல் நாளிலிருந்தே மதிக்கவில்லை. பின்னால் மூன்று பேர் நிற்கிற தைரியத்தில் முன்னால் நிற்பது இன்னும் கிட்டே வந்தது. முக்குத் தெருவில் ஒரு கிழட்டுக் கருப்பன் உண்டு, அதற்குக் காதே கேட்காதுபோல, ஒரு நாளும் அசையவில்லை. ஆனால் அது யாரையும் ஒன்றும் செய்ததும் இல்லை.

கருவியின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் பாக்கெட் எடுக்கிற கை எப்போதும் ஈரம். ஈரக்கையில் அந்தச் சுவிட்ச் வழுக்குகிறது, நடுவில் சரியாக நிற்காமல் விளக்குப் பக்கம் போய்விடுகிறது. சார்ஜ் ஓட்டையை மூடுகிற ரப்பர் ஒரு மாதத்தில் பிய்ந்தது. தை மாதம் சார்ஜ் ஏறுகிறதே நின்றுவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் தண்ணீர் பட்டிருக்கிறது, மாற்றித் தர முடியாது என்று ஒரே பதில். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் மழையிலும் பனியிலும்தானே வெளியே போவார்கள்? தண்ணீர் தாங்காத பொருளை இந்த வேலைக்கு விற்கக் கூடாது.

நல்லதாக ஒன்று உண்டு, அந்த விளக்கு. நல்ல வெளிச்சம். கார் அடியில், சாக்கடைப் பாலத்துக்கு அடியில் நாய் படுத்திருப்பது பத்து எட்டு முன்னாலேயே கண் மின்னித் தெரிந்துவிடும். தூங்குகிற நாயை மிதிக்காமல் போனாலே பாதிக் கடி தப்பும். ஆனால் வெளிச்சத்துக்கு 200 ரூபாய் டார்ச் போதும்.

இப்போது கார்த்திகை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மழை விட்ட காலை. கடைசித் தெருவில் ஒரு வாடகை வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேல் சின்னப் பாலம். அதன் அடியில் செவலை என்கிற பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாகப் பார்க்கிற நாய், என்னைக் கண்டு குரைத்ததுகூட இல்லை. வண்டியை நிறுத்தி இரண்டு பாக்கெட்டோடு நடந்தேன். பாலத்துக்கு முன்னால் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, மேல் உதடு சுருங்கி, அடித்தொண்டையில் ஒரு உறுமல் மட்டும். கையில் கருவி இல்லாவிட்டால் நான் அப்படியே பின்னால் நகர்ந்து போயிருப்பேன். பதினோரு வருஷத்துப் பழக்கம் அது. ஆனால் கருவியோடு வந்த தாளில், நாய் விலகும்வரை அதை நோக்கிப் பிடித்தபடி இருக்கவும் என்று போட்டிருந்தது. அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வைத்தேன். அதற்குப் பின்னால் குட்டி இருக்கிறது. அது எங்கே விலகும்? இடது கெண்டைக்காலில் வாய் வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பாலத்தடியில் நின்றுகொண்டது. பல் பதிந்த இரண்டு ஓட்டை, ரத்தம் செருப்பு வரை வழிந்தது.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைக்காத நாயிடம்தான் நான் கடி வாங்கினேன். செவலைமேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. தாய் செய்ய வேண்டியதை அது செய்தது. என்னை முன்னால் போக வைத்தது கையிலிருந்த பொருள் கொடுத்த தைரியம்.

அந்த வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டு ஓடி வந்தாள். எதிர் வீட்டு அம்மா சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். "அத வைக்காதீங்கம்மா, சோப்பக் கொண்டாங்க" என்றேன். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, புண் எரிந்து கிருமி உள்ளே போகத்தான் வழி. வாசல் குழாயைத் திறந்துவிட்டு, துணி துவைக்கிற சோப்பைப் போட்டுப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிஷத்திலேயே போதும் அக்கா என்றாள் அந்தப் பிள்ளை. செல்போனில் மணி பார்த்துக்கொண்டே கழுவினோம். கட்டுப் போடவில்லை, தையலும் போடக் கூடாது என்பார்கள். பேப்பர் தம்பி மீதிப் பாலைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டான். நான் ஆட்டோவில் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப கழுவுனீங்க, எதுல கழுவுனீங்க?" என்பது. அடுத்த கேள்வி தெரிந்த நாயா, இப்போது எங்கே இருக்கிறது என்பது. பத்து நாளைக்கு அந்த நாயைக் கவனிக்கச் சொன்னார்கள். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது, அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும். கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள், தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மூன்றாவது, அதிக ஆபத்தான வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் கடிபட்ட புண்ணுக்குள்ளேயும் சுற்றியும் ஊசியால் இறக்குகிறார்கள். அது வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தடுப்பூசி அப்படியில்லை. இரண்டு புஜத்திலும் தோலுக்குள் மட்டும் துளி மருந்து, கொசு கடித்தமாதிரி ஒரு சின்னக் கொப்புளம் எழும்பி அடங்கிவிடும். கடித்த அன்றைக்கு ஒன்று, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். நான் பத்துப் பைசா கொடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தத் தடுப்பூசி உண்டு.

எங்கள் அம்மா காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து அது. 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து நம் பக்கம் வரும். அந்த ஊசிக்குப் பயந்தே கடியை மறைத்தவர்கள் உண்டு என்று அம்மா சொல்வாள். அந்த மருந்து நின்று இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் கிராமத்துப் பக்கம் இன்றும் அந்தப் பயம் போகவில்லை. பிள்ளைகள் வீட்டில் அடி விழும் என்று நாய்க் கீறலை மறைக்கின்றன. ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிய சில வாரமோ மாசமோ ஆகும், தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. பிள்ளைகளிடம் இதைத் திட்டாமல் சொல்லி வையுங்கள்.

28ஆம் நாள் ஊசிக்கு நான் போகாமல் இருக்கப் பார்த்தேன், உண்மையைச் சொல்கிறேன். செவலை பத்து நாள் தாண்டியும் குட்டிகளோடு நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் புண் ஆறிவிட்டது, அன்றைக்கு மாசக் கடைசி வசூல் வேறு. மகள் விடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பால் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். போய் போட்டுக்கொண்டேன். இனிமேல் எப்போதாவது கடித்தால் இரண்டு ஊசி போதும், கடித்த அன்றும் 3ஆம் நாளும். புண்ணுக்குள் போடுகிற ஊசி தேவைப்படாதாம். கடிக்கு முன்னாலேயே போட்டுக்கொள்கிற தடுப்பூசியும் உண்டு. பால், பேப்பர், தபால், கேஸ் சிலிண்டர் என்று தெருவில் திரிகிற வேலை பார்க்கிறவர்கள் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கடி நடந்த வாரம் தெருவில் பேச்சு சூடாகிவிட்டது. ஒரு அண்ணாச்சி, "கறியில மருந்த வச்சா ஒரே ராத்திரில முடிஞ்சிரும்லா" என்றார். கடிபட்டவள் நானே வேண்டாம் என்று சண்டை போட்டேன். "சின்னப் பிள்ளைங்க விளையாடுத எடம் அண்ணாச்சி, அது கைல எடுத்தா என்ன செய்வீங்க?" விலங்கைக் கொன்றால் இப்போதைய குற்றச் சட்டத்தில் 325ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை இருக்கிறது என்று மகள் காட்டினாள். அதைவிட முக்கியம், இங்கே இருக்கிற ஆறையும் அகற்றினால் அடுத்த தெரு நாய் எட்டு வந்து உட்காரும். குப்பையும் சோறும் இருக்கிற இடம் காலியாக இருக்காது. மாநகராட்சியில் மனு கொடுத்தோம். வண்டி வந்து நாலு நாயைப் பிடித்துப் போனது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, காதில் வெட்டு அடையாளத்தோடு அதே தெருவில் விட்டார்கள். திரும்ப ஏன் விட்டீர்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். 2023ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதியே பிடித்த இடத்தில் விடச் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக் கூடாது என்று. காதில் வெட்டு இருக்கிற நாய் என் கண்ணுக்கு நல்ல சேதி. அது குட்டி போட்டு அதற்காகக் கடிக்கப் போவதில்லை, தடுப்பூசியும் போட்டிருக்கிறது.

அந்த விதியில் சோறு வைக்கிறதைப் பற்றியும் உண்டு. வீட்டு வாசல், மாடிப்படி, பிள்ளைகள் விளையாடுகிற இடம் விட்டுத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி விடியக்காலை நாலரைக்குத் தன் வாசலில் சோறு வைப்பார். நான் பால் போடுகிற அதே நேரம், அதே வாசல். எல்லா நாயும் அங்கே கூடி, தன் சோற்றைக் காக்கிற மாதிரி என்னைத் துரத்தும். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ஏட்டி, வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கக் கூடாதுல்லா" என்றார். "கெடக்க வேண்டாம் ஆச்சி. சாயங்காலமா பின்னால காலி மனையில வச்சிருங்க. நானும் நாளுக்கு ஒரு பாக்கெட் பால் தாரேன்" என்றேன். நாலு நாளில் வித்தியாசம் தெரிந்தது. 1,149 ரூபாய்க் கருவி செய்யாததை இந்தப் பேச்சு செய்தது. விடியக்காலை அந்த வாசலில் இப்போது கிழட்டுக் கருப்பன் மட்டும்தான் படுத்திருக்கிறது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு: நாய் துரத்தினால் வண்டியை வேகம் எடுப்பதில்லை, பைய நிறுத்தி இறங்கிவிடுகிறேன். ஓடுகிறதைத்தான் அது துரத்துகிறது. நின்ற பிறகு கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை, முதுகும் காட்டுவதில்லை. கையில் காலி டப்பு. இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை. கெட்டிப் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் பிடி, முட்டியிலிருந்து கணுக்கால் வரை மறைக்கும். காலுக்கு முன்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வந்துவிடலாம். நாய் வந்தாலும் பல் டப்பில்தான் படும். பால் தொழில் இல்லாதவர்களுக்கு ஒரு நீளக் குடை அதே வேலை செய்யும். அடிக்க வேண்டாம், நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் விரித்தால் போதும்.

கருவிக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன், அதில் ஒன்று விளக்குக்கு. ராத்திரி வேலை முடிந்து வருகிற பெண்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று இரண்டு மூன்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். கையில் எதுவும் இல்லாதவள் ஜாக்கிரதையாகப் பின்வாங்குவாள், இதை வைத்திருக்கிறவள் நான் செய்தமாதிரி முன்னால் போவாள்.

போன வாரம் பேப்பர் தம்பி, "அக்கா, அந்த மிஷின் சும்மாதான கெடக்கு, ரிப்பேர் பாத்து நான் வச்சுக்கிடட்டா?" என்று கேட்டான். கொடுக்கவில்லை. என் வண்டிப் பெட்டியில் இரண்டு சோப்பு வைத்திருப்பேன், அதில் ஒன்றை எடுத்து அவன் சைக்கிள் பையில் போட்டேன். திங்கட்கிழமை லைன் முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த முன்கூட்டிப் போடுகிற ஊசியைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.